பதினோரு நாள் குறைகிறது

எவ்வளவு வேகம் வேண்டும் உங்களுக்கு, என்று கேட்கிறான் ரெம்கோ.
தொலைபேசியில் அவன் குரலுக்கு இருபது வயது இருக்கும்.
ஒரே நேரத்தில் ஐம்பது இணைப்பு தருகிறார்களாம்,
ஒரு முழுப் படம் தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிடுமாம்.
நான் தேடுவது மூன்று வரி.
மூன்று வரிக்கு எதற்கப்பா ஐம்பது குழாய்?

மேசைமேல் காகிதம், அதில் ஆறு யூஸ்நெட் நிறுவனங்கள்.
மாதம் பத்து யூரோ, அளவே இல்லை.
மாதம் நான்கு, ஆனால் வருடப் பணம் முன்னால்.
கிளறிப் பார்த்தால் ஆறில் நான்கு
ஒரே ஆம்ஸ்டர்டாம் சர்வரின் பின்வாசல்.
அதே குழம்பு, கிண்ணம் மட்டும் வேறு.

எத்தனை நாள் பழையதை வைத்திருப்பீர்கள்?
நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஹில்கெ, என் அண்ணன்,
ஹிண்டலோப்பன் கால்வாய் உறையும் குளிர்காலங்களில்
விடியுமுன் துளைக்கருவியோடு போவான்.
ஐந்து இடத்தில் துளைப்பான். அளப்பான்.
ஈரக் கையுறையைக் கழற்றாமலே தட்டச்சு செய்வான்,
சறுக்குவோர் படிக்கும் அந்தச் செய்திக்குழுவுக்கு.
என்னோடு பேசியதைவிடப்
பனிக்கட்டியைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறான்.
ஆகஸ்டில் இறந்தான். வெயில் நாள்.
அவன் கணினியைத் திறந்தோம், ஒன்றுமில்லை,
எல்லாம் வெளியே அனுப்பியிருந்தான்.

உரைக் குழுக்களா? அதை யாரும் கேட்பதில்லை, மேடம்.
போய்ப் பார்த்து வந்தான், நல்ல பையன்.
ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாள், என்றான்.
எனக்கு வேண்டியது
ஆறாயிரத்து நூற்று இருபத்து மூன்று.

வருத்தப்படாதீர்கள், எங்கள் எண்
தினமும் ஒன்று கூடும், எதையும் அழிப்பதில்லை நாங்கள்.

அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.
நாட்காட்டியில் பதினோராம் நாளை வட்டமிட்டேன்.
உருளைக்கிழங்கு தோல் சீவும்போதுதான் உறைத்தது:
அண்ணனின் வரிக்கும் தினமும் ஒரு நாள் வயது கூடுகிறது.
பதினோரு நாள் பதினோரு நாளாகவே இருக்கும்,
நான் எத்தனை வருடம் கட்டணம் கட்டினாலும்.
கத்தியைக் கீழே வைத்தேன்.
வட்டத்தை அழிக்கவில்லை, மை பேனா.

மற்ற ஐந்தையும் அழைத்தேன்.
ஒன்றில் எந்திரம் பேசியது.
ஒன்றில் பொய் சொன்னார்கள், மரியாதையாக.

கடைசியில் ரெம்கோவின் மூன்று நாள் இலவசத்தில் நுழைந்தேன்,
சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று.
சுவருக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு நாள் உள்ளே,
போல்ஸ்வர்டிலிருந்து வொப்கெ என்று ஒருவர்,
பனி உருகி ஓடிய பிறகு, பன்னிரண்டு நாள் தாமதமாக,
சண்டை பிடித்திருந்தார்.

> ஏழு சென்டிமீட்டர். காற்று வடகிழக்கு.
> பாலத்தடியில் நம்ப வேண்டாம்.
> என் தங்கை நேற்று நம்பினாள், முழங்கால்வரை.

ஏழு இல்லை, ஆறு. உங்கள் அளவுகோலை மாற்றுங்கள்.
தங்கைக்கு வேறு பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

மூன்று முறை படித்தேன்.
பூட்ஸ் வாங்கித் தந்தான். பழுப்பு நிறம், ஒரு அளவு பெரிது.
அந்தக் குளிர்காலம் முழுவதும்
ஏன் என்று நான் கேட்கவேயில்லை.

சந்தா வேண்டாம், என்றேன் ரெம்கோவிடம்,
இருப்பதிலேயே சின்ன மூட்டை, காலாவதியாகாதது, அதைக் கொடு.
மூன்று மூன்று வரியாகப் படித்தால்
எனக்குப் பின்னும் மிச்சமிருக்கும், என்று சிரித்தான்,
பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

இன்று காலை கால்வாய்க்குப் போனேன், துளைக்கருவி இல்லாமல்.
பாலத்தடியில் இரண்டு வாத்து.
வீட்டுக்கு வந்து, குழுவில்,
கடந்த எட்டு மாதமாக ஆள் அரவமில்லாத இடத்தில்,
எழுதினேன்: பூஜ்யம் சென்டிமீட்டர்.
காற்று தென்மேற்கு.
அளவுகோல் ஹில்கெயுடையது, வொப்கெ,
இன்னும் மாற்றவில்லை.